கூரை மேல் ஒரு 300 லிட்டர்

கிள்ளான் வட்டாரத்தில் எந்தத் தாமானுக்குள் நுழைந்தாலும் கொஞ்சம் தலையைத் தூக்கிப் பாருங்கள். ஓட்டின் மேல் ஒரு கருப்புத் தகடு, அதன் தலைமாட்டில் நீளமாகப் படுத்திருக்கும் ஓர் உருளை. பத்து வீட்டுக்கு ஒரு வீட்டிலாவது கண்ணில் படும். ஒரு காலத்தில் "சோலார் போட்ட வீடு" என்று சொல்வதில் ஒரு கௌரவம் இருந்தது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். அந்த உருளைகளுக்கெல்லாம் இப்போது வயதாகிவிட்டது. ஒவ்வொன்றாக ஒழுக ஆரம்பித்திருக்கின்றன.

தாமான் ஸ்ரீ அண்டலாஸில் உள்ள எங்கள் அம்மா வீட்டு உருளைக்கு வயது 17. அப்பா ஓய்வு பெற்றபோது ஈபிஎப் பணத்தில் முதலில் செய்த செலவு அதுதான். மேல் அறைச் சீலிங்கில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வட்டம் தெரிந்தது. ஒரு வாரத்தில் அது தட்டு அளவாகி, பிறகு தாம்பாளம் அளவாகிவிட்டது. தம்பி ஆள் வைத்து ஏறிப் பார்த்தான். தொட்டியின் அடிப்பக்கத்தில் துருப்பிடித்துக் கசிவு. ஒட்டுப் போட முடியாது, மாற்றத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

வெறும் பணச் செலவு என்றால் இதில் எழுத ஒன்றுமில்லை. அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. தங்கச்சி தலைப் பிரசவத்துக்கு இரண்டு மாதத்தில் அம்மா வீட்டுக்கு வருகிறாள். ஹீட்டர் நின்றுபோன மறுநாளே அம்மா கேஸ் அடுப்பில் பெரிய பானையை வைத்து வெந்நீர் காய்ச்சி, அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, சமையலறைப் படி ஒன்று இறங்கிக் குளியலறைக்குப் போக ஆரம்பித்துவிட்டார். "கேரித்தீவுத் தோட்டத்துல விறகு அடுப்புல காய்ச்சித்தானே எங்கள எல்லாம் வளர்த்தாங்க. நீங்க ஏன் இப்படிப் பதறுறீங்க?" என்றார். தோட்டத்து லயத்தில் அவர் பாட்டிக்கு முழங்கால் வலி இருந்ததா, தரை வழுக்கும் டைல்ஸ் போட்டதா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

பழையது போனால் அதே மாதிரி புதியது ஒன்றைத் தூக்கி வைப்பதுதான் வழக்கம். கடையில் சொன்னதும் அதுதான்: அதே 300 லிட்டர், இறக்கி ஏற்றும் கூலியோடு 6,800 வெள்ளி. தம்பி கிட்டத்தட்ட முன்பணம் கட்டும் நிலைக்கு வந்துவிட்டான். "ஒரு வாரம் பொறு" என்று சொல்லிவிட்டு, நான் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குத் திரும்பிக் கணக்குப் போட உட்கார்ந்தேன்.

தொட்டி ஏன் சாகிறது

கூரைமேல் இருக்கும் அந்தச் சாதனம் ஒன்றும் நவீன விந்தை இல்லை. தகட்டுக்குள் ஓடும் நீர் வெயிலில் சூடாகி லேசாகும். லேசானது மேலே ஏறித் தொட்டிக்குள் போகும். குளிர்ந்த நீர் கனத்து மறுபடி தகட்டுக்கு இறங்கும். பம்பும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். அதற்காகத்தான் தொட்டி எப்போதும் தகட்டைவிட உயரத்தில் இருக்கிறது. தகடு தனியாக, வெப்பம் வெளியேறாதபடி போர்த்திய தொட்டி தனியாக என்ற இந்த அமைப்பை 1909-இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர் விற்க ஆரம்பித்தார். பகலில் சூடான நீர் இரவிலும் கிடைக்கும் என்பதால் 'பகலும் இரவும்' என்றே அதற்குப் பெயர் வைத்தார். இஸ்ரேலில் புதிய குடியிருப்புக் கட்டடங்களுக்கு 1980-லிருந்து இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள்.

தொட்டியின் ஆயுள் உள்ளே இருக்கும் ஒரு சிறிய தண்டில் அடங்கியிருக்கிறது. இரும்புத் தொட்டியின் உட்பக்கத்தில் கண்ணாடி போன்ற பூச்சு இருக்கும். அந்தப் பூச்சில் எங்காவது மயிரிழை விரிசல் விழுந்தால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். அதைத் தடுக்கத் தொட்டிக்குள் ஒரு மெக்னீசியத் தண்டைச் செருகி வைக்கிறார்கள். ஆனோட் தண்டு என்று பெயர். நீர் முதலில் அந்தத் தண்டைத்தான் அரிக்கும். தண்டு கரையும்வரை இரும்புக்கு ஆபத்தில்லை, கரைந்து தீர்ந்தபின் நீரின் கை இரும்பின் மேல் விழுகிறது. சில ஆண்டுக்கு ஒரு முறை அதைக் கழற்றிப் பார்த்து மாற்றினால் தொட்டி இன்னும் பல ஆண்டு ஓடும். ஆனால் கூரைமேல் இருப்பதை யார் ஏறிப் பார்ப்பார்கள்? விற்கும்போது இதைச் சொல்லும் கடைகளும் குறைவு. எங்கள் தொட்டியிலிருந்து கழற்றிக் காட்டியபோது தண்டின் நடுவில் இருந்த கம்பி மட்டும்தான் மிச்சம்.

நம் ஊர்க் குழாய் நீர் பொதுவாக மென்னீர்தான். தமிழ்நாட்டு வீடுகளில்போல ஹீட்டருக்குள் வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவது இங்கே பெரிய பிரச்சினை இல்லை. நமக்கு வாய்த்தது வேறு: நீர்த்தடை. 2020 செப்டம்பரில் ரவாங் அருகே சுங்கை கோங் ஆறு மாசுபட்டு நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டது நினைவிருக்கிறதா? 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. தண்ணீர் திரும்பும்போது குழாய்களில் தங்கியிருந்த வண்டலும் சேர்ந்து வரும். அது தொட்டியின் அடியில் படிந்துவிடும். நீர்த்தடை முடிந்ததும் குளிர்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, தெளிவாக வரும்வரை ஓடவிட்டு, அதற்குப் பிறகே ஹீட்டரைப் போட வேண்டும். தொட்டியில் நீரில்லாமல் மின்சாரச் சுவிட்சைப் போட்டால் உள்ளே இருக்கும் சூடேற்றும் கம்பி எரிந்துவிடும்.

அப்பாவின் கணக்கும் எங்கள் கணக்கும்

நம் வீட்டுக் குழாய் நீர் ஏறக்குறைய 27 பாகையில் வருகிறது. சுகமாகக் குளிக்க 40 பாகை போதும். ஆக 13 பாகை ஏற்றினால் சரி. பனி கொட்டும் ஊர்க்காரர்களோடு ஒப்பிட்டால் நமக்கு இது அற்பம். 60 லிட்டர் நீரை 13 பாகை ஏற்ற 0.9 யூனிட் மின்சாரம் ஆகும்.

அம்மாவும் தம்பியும் காலை மாலை இரு வேளை குளிக்கிறார்கள். ஆளுக்கு ஒரு குளியலுக்கு 40 லிட்டர், அதாவது இரண்டு வாளி என்று வைத்தால் நாளைக்கு 160 லிட்டர். அதற்கு 2.4 யூனிட். மாதத்துக்கு 73 யூனிட் போல. யூனிட் 45 சென் என்று வைத்துக்கொண்டால் 33 வெள்ளி. 6,800 வெள்ளி போட்டு மாதம் 33 வெள்ளி மிச்சம் பிடித்தால் போட்ட பணம் திரும்ப 17 ஆண்டு ஆகும்!

அதாவது, பழைய தொட்டி வாழ்ந்து முடித்த அதே 17 ஆண்டு.

அப்பா வாங்கியபோது வீட்டில் ஆறு பேர். பாட்டி, அப்பா, அம்மா, நாங்கள் மூவர். ஆறு பேருக்கு இதே கணக்கைப் போட்டால் மாதம் 98 வெள்ளி, ஆறு ஆண்டுக்குள் பணம் கைக்கு வந்துவிடும். அன்றைய கட்டணம் குறைவு, விலையும் குறைவு. ஆனாலும் அப்பா எடுத்தது நல்ல முடிவுதான். வீடு நிறைய ஆட்கள், கூரையில் நாள் முழுக்க வெயில் என்றிருப்பவர்களுக்கு இன்றைக்கும் சோலார் ஹீட்டரை நான் தயங்காமல் சொல்வேன்.

மாறியது எங்கள் வீடு. இப்போது அந்த 160 லிட்டரில் கூரையிலிருந்து வரவேண்டிய 60 பாகை நீர் வெறும் 63 லிட்டர்தான். மீதியெல்லாம் குழாய் நீர் கலப்பது. 300 லிட்டர் எதற்கு? போதாததற்கு மழைக்காலம் வந்தால் வெயில் இருக்காது, துணைக்கு இருக்கும் மின்கம்பியைப் போட வேண்டும். அது 63 லிட்டரை மட்டும் பார்த்துச் சூடேற்றாது. 300 லிட்டரையும் 30 பாகை ஏற்ற 10 யூனிட்டுக்கு மேல் விழுங்கும். நவம்பர் மாதத்து மின்கட்டணம் ஏன் ஏறுகிறது என்று சில வீடுகளில் குழம்புவார்கள். ஒரு முறை அந்தச் சுவிட்சைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹீட் பம்ப் என்று ஒன்றும் கடையில் காட்டினார்கள். ஏர்கோனைத் திருப்பி வைத்ததுபோல, காற்றிலிருக்கும் வெப்பத்தை எடுத்து நீருக்குக் கொடுக்கும். மின்சாரம் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும். இடம் நிறைய வேண்டும், விலையும் கூட. ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்குப் பொருந்தும், எங்களுக்கு இல்லை.

தம்பியின் யோசனை வேறு. "அக்கா, உன் பிரிக்பீல்ட்ஸ் கொண்டோவுல இருக்கிற மாதிரி இன்ஸ்டன்ட் ஹீட்டர் ரெண்டு மாட்டிட்டா முடிஞ்சது." ஷவரில் நின்று குளிப்பவருக்கு அது போதும். 3.6 கிலோவாட் ஹீட்டர் நிமிடத்துக்கு நான்கு லிட்டர் நீரை 13 பாகை ஏற்றும். பத்து நிமிடக் குளியலுக்கு 0.6 யூனிட். அம்மாவோ வாளியும் சொம்பும் வைத்துக் குளிப்பவர். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக்கொண்டால் ஐந்து வாளி வேண்டும். ஒரு வாளி நிரம்ப ஐந்து நிமிடம் என்றால், அவர் பொறுக்காமல் அடுப்பில் பானையை ஏற்றிவிடுவார் என்பது எனக்குத் தெரியும். பிள்ளை பெற்றவளைக் குளிப்பாட்டும் நாற்பது நாளும் அதே கதைதான்.

கடைசியில் முடிவு இது: கீழ்க் குளியலறைக்கு 50 லிட்டர் மின்சாரத் தொட்டி ஹீட்டர், மேல் மாடிக் குளியலறைக்கு ஓர் இன்ஸ்டன்ட் ஹீட்டர். 50 லிட்டரை 60 பாகைக்கு ஏற்றி, குழாய் நீர் கலந்தால் 100 லிட்டருக்கு மேல் குளிநீர் கிடைக்கும். அம்மாவின் ஐந்து வாளி. மறுபடி சூடேற முக்கால் மணி நேரம். இரண்டும் வேலைக்கூலியோடு, மின்கம்பி மாற்றியதும் சேர்த்து 2,400 வெள்ளிக்குள் முடிந்தது.

பத்து மில்லி ஆம்பியர்

இனிச் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையில் முக்கியமானது. ஹீட்டர் வாங்காதவர்களும் படிக்கலாம்.

வயரிங்காரர் வந்ததும் ஹீட்டரைப் பார்க்கவில்லை. நேராக டிபி பெட்டியைத்தான் திறந்தார். நாம் பழக்கத்தில் இஎல்சிபி என்று சொல்லும், ஆர்சிசிபி என்று எழுதியிருக்கும் அந்தச் சுவிட்சைக் காட்டினார். "அக்கா, இது நூறு. வீட்டுக்கு முழுசும் இது ஒண்ணுதான் இருக்கு. ஹீட்டருக்குத் தனியா பத்து போடணும்" என்றார்.

மின்சாரம் போன வழியே முழுதாகத் திரும்பி வருகிறதா என்று அந்தச் சுவிட்ச் பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் வேறு பக்கம் கசிந்தால், உதாரணமாக நனைந்த உடம்பு வழியே தரைக்குப் போனால், உடனே இணைப்பைத் துண்டிக்கும். எவ்வளவு கசிந்தால் துண்டிக்கும் என்பதுதான் அதன்மேல் எழுதியிருக்கும் எண். 100 மில்லி ஆம்பியர் என்பது தீ விபத்துக்குக் காவல், குளிக்கும் மனிதருக்கு அது போதாது. பத்துக்கு மேல் போனால் பிடித்த கையை விடுவிக்க முடியாமல் தசை இறுகும். முப்பதைத் தாண்டி நீடித்தால் இதயத்தின் துடிப்பே குலையலாம். அதனால்தான் நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள் தரை ஈரமாகக்கூடிய இடங்களுக்கு 10 மில்லி ஆம்பியர் என்று விதிக்கின்றன. கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30, மற்றவற்றுக்கு 100.

ஹீட்டருக்குள்ளேயே ஓர் இஎல்சிபி இருக்கிறதே என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். இருக்கட்டும், நல்லதுதான். அது டிபி பெட்டியில் இருக்க வேண்டியதற்குப் பதிலாகாது. 3.6 கிலோவாட் ஹீட்டர் 15 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், நம் சுவர்ப் பிளக் 13 ஆம்பியருக்குத்தான். எனவே பிளக்கில் செருகக் கூடாது. பெட்டியிலிருந்து தனிக் கம்பி, 20 ஆம்பியர் இரட்டைமுனைச் சுவிட்ச், எர்த் கம்பி மூன்றும் வேண்டும். வேலை செய்பவர் எரிசக்தி ஆணையம் தரும் வயர்மேன் தகுதிச் சான்று வைத்திருக்கிறாரா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. எங்களுக்கு வந்தவர் கேட்பதற்கு முன்பே அட்டையை எடுத்துக் காட்டினார். பெட்டியில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். சென்னைக்குப் போனவர்கள் பெட்டியில் போட்டுக் கொண்டுவரும், வாளிக்குள் தொங்கவிடும் அந்த வாட்டர் ராட் வீட்டில் இருந்தால் அதை யாருக்கும் தானமாகக்கூடக் கொடுக்காதீர்கள்.

அந்தச் சுவிட்சில் 'டி' என்ற சின்னப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்த வேண்டும். அழுத்தினால் பட்டென்று விழ வேண்டும். விழவில்லை என்றால் அது இருப்பது இல்லாததற்குச் சமம். நாள்காட்டியில் முதல் ஞாயிறு தோறும் சிவப்பு வட்டம் போட்டு வைத்திருக்கிறோம்.

அறுபதா, நாற்பத்தைந்தா?

தெர்மோஸ்டாட்டை 45-இல் வைக்கச் சொன்னார் அம்மா. கரண்டும் மிச்சம், சுடவும் சுடாது என்பது அவர் வாதம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தொட்டியில் தேங்கும் நீர் 25 முதல் 45 பாகைக்குள் இருந்தால் லெஜியோனெல்லா என்ற கிருமி செழித்து வளரும். வயதானவர்களின் நுரையீரலைத் தாக்கும் கிருமி அது. 60 பாகையில் அது பிழைக்காது. உலகச் சுகாதார நிறுவனம் சுடுநீரை 60 பாகைக்கு மேல் சேமிக்கச் சொல்வதும் இதனால்தான்.

இன்னொரு பக்கம், 60 பாகை நீர் பெரியவர் தோலையே ஐந்து நொடியில் ஆழமாக வேகவைத்துவிடும். குழந்தைக்கு அதைவிடக் குறைந்த நேரம் போதும். இதற்கு விடை ஒரு கலப்பு வால்வு. தொட்டிக்குள் 60 இருக்கும், வால்வு குழாய் நீரைத் தானே கலந்து 42-க்கு மேல் வெளியே விடாது. இருநூறு வெள்ளிக்குள் கிடைத்தது. சுடுநீரும் குளிர்நீரும் வீட்டின் ஒரே மேல்தொட்டியிலிருந்து சம அழுத்தத்தில் வந்தால்தான் இது ஒழுங்காக வேலை செய்யும். எங்கள் வீட்டில் அப்படித்தான் வருகிறது. குழந்தையைக் குளிப்பாட்டுபவர் அதற்குப் பிறகும் முழங்கையை விட்டுப் பார்க்காமல் நீரூற்றப் போவதில்லை, அது வேறு விஷயம்.

தொட்டி ஹீட்டரில் அழுத்த வால்வு ஒன்றும் உண்டு. 50 லிட்டர் நீர் 60 பாகைக்குச் சூடானால் முக்கால் லிட்டர் அளவு விரியும். விரிந்த நீர் திரும்பிப் போக வழியில்லாத இணைப்பாக இருந்தால் இந்த வால்வு வழியாகத்தான் சொட்டும். சொட்டுகிறதே என்று அதை அடைத்துவைக்கும் வீடுகள் இருக்கின்றன என்று வயரிங்காரர் தலையில் அடித்துக்கொண்டார். மூடிய தொட்டியில் தெர்மோஸ்டாட்டும் பழுதாகிவிட்டால் அது வெடிகுண்டுதான். அதேபோல சாதாரண இன்ஸ்டன்ட் ஹீட்டரில் நீர் வெளியேறும் பக்கம் குழாயோ அடைப்போ போடக் கூடாது. திறப்பதும் மூடுவதும் உள்வரும் பக்கத்தில்தான்.

அடுக்குமாடிகளில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. என்னைப்போல் பிரிக்பீல்ட்ஸ், கேஎல் சென்ட்ரல் பக்கம் கொண்டோக்களில் இருப்பவர்கள் பலருக்குத் தங்கள் வீட்டில் தொட்டி ஹீட்டர் இருப்பதே தெரியாது. அது குளியலறைச் சீலிங்குக்கு மேல் ஒளிந்திருக்கும். ஒழுகினால் முதலில் தெரிவது கீழ்வீட்டுக்காரருக்கு. 2015-ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிகளின்படி புகார் கொடுத்த ஏழு நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும். மறுசான்று இல்லாதவரை கசிவு மேல்வீட்டிலிருந்தே வருவதாக எடுத்துக்கொள்ளப்படும். சீலிங்கில் உள்ள சின்னக் கதவைத் திறந்து, தொட்டியின் மேல் எழுதியிருக்கும் ஆண்டைப் படித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பழையதை இறக்கத்தான் ஒரு நாள் முழுக்க ஆனது. நீரோடு அது 300 கிலோவுக்கு மேல். முதலில் முழுதாக வடிக்க வேண்டும். கடைசியில் வந்தது செம்மண் குழம்புபோல இருந்தது. கயிறு கட்டி மூன்று பேர் இறக்கினார்கள். தாங்கியிருந்த இரண்டு மரச்சட்டங்கள் ஈரத்தில் ஊறியிருந்ததால் அவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று. ஓட்டில் குழாய் நுழைந்த ஓட்டைகளை அடைத்து, உடைந்த ஓடுகளுக்கு வேறு ஓடு போட்டு, சுவருக்குள் போகும் பழைய சுடுநீர்க் குழாயின் இரண்டு முனைக்கும் மூடி வைத்தார்கள். மூடாமல் விட்டால் அடுத்த கசிவு அங்கிருந்து வருமாம். அம்மா அவர்களுக்கு இரண்டு முறை தண்ணி கலக்கிக் கொடுத்தார்.

உருளை நான்கு நாள் வாசலில் கிடந்தது. பழைய பேப்பர், பழைய இரும்பு வாங்கும் லோரி சத்தம் கேட்டதும் அம்மா வெளியே போய் நிறுத்தினார். லோரிக்காரர் தொட்டியைத் தட்டிப் பார்த்து எல்லாவற்றுக்கும் சேர்த்து நாற்பது வெள்ளி என்றார். தகட்டுக்குள் இருப்பது தாமிரக் குழாய் என்று அம்மாவுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. நூற்றைம்பது வெள்ளிக்குப் பேசி முடித்துவிட்டு உள்ளே வந்தார்.